ஆள் கிடைக்காத சிறு தொழில் நிறுவனங்களுக்கு அரசுத் திட்டங்கள்: எங்கே தொடங்குவது, எப்போது தொடங்குவது

கோவையில் கணபதி, சித்தாபுதூர், குறிச்சி வட்டாரத்துப் பட்டறைகளின் கதவுகளில் ‘ஆட்கள் தேவை’ என்ற அட்டை ஆண்டு முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கிறது. அட்டையின் எழுத்து வெயிலில் வெளுத்த பிறகு அதையே மறுபடி எழுதி மாட்டுகிறார்களே தவிர, அதே ஊரில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் படியை ஏறியவர்கள் மிகக் குறைவு. சிறு நிறுவனங்களுக்குச் சம்பளப் பட்டியலும் வருங்கால வைப்புநிதிக் கணக்கும் பார்த்துக் கொடுக்கும் வேலையில் இருப்பதால், ‘அங்கே போனால் ஆள் கிடைப்பார்களா?’ என்ற கேள்வியை வாரம் ஒரு முறையாவது கேட்கிறேன். கிடைப்பார்கள், ஆனால் நாளைக் காலை ஷிப்டுக்குக் கிடைக்க மாட்டார்கள். தமிழ்நாடு அரசும் மத்திய அரசும் தொழில் நடத்துபவர்களுக்காக வைத்திருக்கும் ஏற்பாடுகள் அனைத்தும் ஏறத்தாழ ஆறு மாதம் முன்கூட்டித் திட்டமிடுபவருக்கே பயன்படும் வகையில் அமைந்தவை. அந்த ஆறு மாதத்தை எப்படிச் செலவிடுவது என்பதைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

முதலில் தலைகளை எண்ணுங்கள்

எந்த அலுவலகத்துக்கும் போவதற்கு முன், உங்களிடம் இன்று எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதை ஒப்பந்தக்காரர் மூலம் வருபவர்களையும் சேர்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கடமை உங்கள் மேல் விழுகிறது, எந்தச் சலுகை உங்களுக்குத் திறக்கிறது என்பதைத் தீர்மானிப்பது அந்த எண்தான். நான்கு பேர் இருந்தால் விருப்பத்தின் பேரில் தொழிற்பழகுநரை, அதாவது அப்ரண்டிஸை, சேர்க்கலாம். பத்துப் பேர் ஆனதும் தொழிலாளர் அரசுக் காப்பீடு, அதாவது இ.எஸ்.ஐ., கட்டாயமாகிறது, இருபது பேர் ஆனதும் வருங்கால வைப்புநிதி கட்டாயமாகிறது. முப்பது பேர் ஆகிவிட்டால் தொழிற்பழகுநரைச் சேர்ப்பது உங்கள் விருப்பம் அல்ல, சட்டக் கடமை.

காலிப் பணியிடங்களை அரசுக்குத் தெரிவிக்கும் கடமையும் இந்த எண்ணைப் பொறுத்ததே. 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 25 பேரும் அதற்கு மேலும் உள்ள தனியார் நிறுவனங்களுக்கு இருந்த இந்தக் கடமை, 2025 நவம்பர் 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் 20 பேர் என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. தெரிவிக்க வேண்டும் என்பதுதான் கடமை. அவர்கள் அனுப்பும் ஆளையே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் பழைய சட்டத்திலும் இல்லை, புதிய தொகுப்பிலும் இல்லை. பலர் இதை மாற்றிப் புரிந்துகொண்டு வேலைவாய்ப்பு அலுவலகம் என்றாலே ஒதுங்கிப் போகிறார்கள்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாவது ஆளோடு பதிவேட்டை நிறுத்திவிட்டு, மீதிப் பேரைக் கூலிச் சீட்டில் ஓட்டும் பழக்கம் நம் பட்டறைகளில் சாதாரணம். அதில் மிச்சமாகும் தொகை கண்ணுக்குத் தெரிகிறது. கைவிட்டுப் போகும் தொகை தெரிவதில்லை. கீழே சொல்லப்போகும் ஊக்கத்தொகை எதையும், பதிவேட்டில் பெயர் இல்லாத தொழிலாளியைக் காட்டி வாங்க முடியாது.

எண்ணிக்கை தெளிவான பிறகு, உத்யம் பதிவுச் சான்று (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் பதிவு), பான் அட்டை, ஜி.எஸ்.டி. சான்று, வைப்புநிதி மற்றும் இ.எஸ்.ஐ. எண்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து, கைபேசியில் படமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். அதற்குப் பணம் கேட்பவர் இடைத்தரகர்தான். பெயரில் ஒரு எழுத்து ஒரு சான்றில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்தால் அதை இப்போதே திருத்திவிடுவது நல்லது. இணையப் பதிவுகள் பெரும்பாலும் சிக்கி நிற்பது இந்த ஒரு எழுத்தில்தான்.

பணியிடத்தை எழுதுவது

வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குச் சென்று ‘பத்துப் பேர் வேண்டும், ஐயா’ என்று சொல்லிவிட்டு வருபவர்களுக்கு ஒருவரும் கிடைப்பதில்லை. ‘சி.என்.சி. ஆபரேட்டர் தேவை, சம்பளம் நேரில் பேசிக்கொள்ளலாம், அனுபவம் விரும்பத்தக்கது’ என்று எழுதினால், அதைப் படிக்கும் இருபது வயது இளைஞனுக்குத் தெரிய வேண்டிய எதுவும் அதில் இல்லை. அவனுக்குத் தெரிய வேண்டியவை நான்கு: கைக்கு எவ்வளவு வரும், எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகலாம், எந்தப் பேருந்தில் வரலாம், தெரியாததைச் சொல்லிக் கொடுப்பார்களா என்பவை. எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்காரருக்கு நான் எழுதிக் கொடுத்த விவரம் இது:

‘சி.என்.சி. டர்னிங் இயந்திர இயக்குநர், 2 பேர். ஐ.டி.ஐ. டர்னர் அல்லது மெஷினிஸ்ட் தேறியவர்கள். பிளஸ் டூ மட்டும் முடித்தவர்களும் வரலாம், மூன்று மாதம் சொல்லித் தரப்படும். காலை 8 மணி முதல் 4.30 வரை ஒரு வாரம், மாலை 4.30 முதல் இரவு 1 மணி வரை மறு வாரம். இரவு ஷிப்டு முடிந்ததும் வேனில் வீடு வரை விடப்படும். மொத்தச் சம்பளம் மாதம் 16,000 ரூபாய். வைப்புநிதி 1,680, இ.எஸ்.ஐ. 120 பிடித்தம் போகக் கைக்கு 14,200. பேருந்து நிறுத்தத்தில் இருந்து நடந்து வரும் தூரம். மதியச் சாப்பாடு உண்டு.’

பிடித்தத்தை எழுத வேண்டாம் என்று அந்தப் பட்டறைக்காரர் முதலில் தடுத்தார். பதினாறு என்று சொல்லி வரவழைத்துவிட்டு முதல் மாதம் பதினான்கைக் கையில் கொடுத்தால், அந்தப் பையன் இரண்டாவது மாதம் இருக்க மாட்டான் என்பதை அவரே பலமுறை பார்த்திருந்ததால் பிறகு ஒப்புக்கொண்டார். கல்வித் தகுதியிலும் தேவைக்கு மேல் கேட்காதீர்கள். பொருளை ஏற்றி இறக்கி அளவு பார்க்கும் வேலைக்கு டிப்ளமோ கேட்டால், டிப்ளமோ படித்தவர் வந்து ஆறே மாதத்தில் வேறு இடம் பார்ப்பார்.

இணையதளமும் முகாமும்

எழுதிய விவரத்தைப் போட வேண்டிய முதல் இடம், தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை 2020-இல் தொடங்கிய தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையம். வேலை தேடுபவர்களும் வேலை அளிப்பவர்களும் கட்டணம் ஏதுமின்றிப் பதிவு செய்யலாம். நிறுவனமாகப் பதிவு செய்து, மேலே சொன்ன சான்றுகளை ஏற்றி, ஒப்புதல் வந்ததும் பணியிடங்களைப் பதியலாம். பதிவு செய்துள்ள இளைஞர்களின் விவரங்களைத் தகுதி, மாவட்டம் பார்த்துத் தேடவும் முடியும். மத்திய அரசு 2015-இல் தொடங்கிய தேசிய வேலைவாய்ப்புச் சேவை இணையதளமும் இதே பணியைச் செய்கிறது. இரண்டிலும் போடுங்கள், ஆனால் உள்ளூர் ஆள் வேண்டுமென்றால் முதலாவதே கூடுதலாகப் பயன்படும் என்பது என் அனுபவம்.

பதிந்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. நம் மாவட்டங்களில் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் இப்போது மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்கள் என்று அழைக்கப்படுகின்றன. அவற்றின் வளாகத்திலேயே வெள்ளிக்கிழமைகளில் சிறிய அளவிலான தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்கள் நடக்கின்றன. இவை தவிர, கல்லூரி வளாகங்களில் சனிக்கிழமைகளில் பெரிய முகாம்களும் நடக்கின்றன. சிறு நிறுவனத்துக்கு வெள்ளிக்கிழமை முகாமே ஏற்றது. பெரிய முகாமில் உங்கள் மேசைக்குப் பக்கத்து மேசையில் கார் தொழிற்சாலைக்காரர் உட்கார்ந்திருப்பார். அவர் வரிசை கதவு வரை நீளும், உங்கள் முன் இருக்கும் நாற்காலி காலியாக இருக்கும். வெள்ளிக்கிழமை முகாமுக்கு வருபவர்கள் பெரும்பாலும் அதே வட்டாரத்துக்காரர்கள், நிதானமாகப் பேசவும் நேரம் கிடைக்கும்.

முகாமில் உட்காரும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்திருப்பவர்கள் அந்தப் பதிவு மூப்பைச் சொத்து போலக் காப்பவர்கள். பத்தாண்டு, பதினைந்தாண்டு மூப்பு இருக்கும், அரசு வேலைக்கு அழைப்பு வரும் என்ற நம்பிக்கையும் இருக்கும். தனியார் வேலையில் சேர்ந்தால் பதிவு போய்விடும் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். அப்படி ரத்தாகாது என்பதை முகாம் அறிவிப்புகளிலேயே மாவட்ட நிர்வாகம் ஒவ்வொரு முறையும் அச்சிட்டு வருகிறது. இருந்தும் அந்த அச்சம் போகவில்லை. எனவே பேச்சைத் தொடங்கும்போதே, ‘எங்களிடம் சேர்ந்தாலும் உங்கள் பதிவு அப்படியே இருக்கும்’ என்று சொல்லிவிடுங்கள். தயங்கி நிற்கும் பல பெண்களை உட்கார வைப்பது அந்த ஒரு வாக்கியம்தான்.

நான் ஒரு நிறுவனத்தின் சார்பில் முதன்முறை இப்படி உட்கார்ந்தபோது, பதினான்கு பெயர்களை எழுதி வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியோடு திரும்பினேன். திங்கட்கிழமை பட்டறைக்கு வந்தவர்கள் இரண்டு பேர். தவறு என்னுடையது. சேர வேண்டிய நாளைச் சொல்லவில்லை, கையில் ஒரு தாளும் கொடுக்கவில்லை. அடுத்த முறை பெயர், சம்பளம், சேரும் நாள், இடத்தின் வரைபடம் ஆகியவை கொண்ட அரைப்பக்கக் கடிதத்தை அங்கேயே கையெழுத்திட்டுக் கொடுத்தோம். வீட்டில் அம்மா அப்பாவிடம் காட்டுவதற்கு ஒரு தாள் இருந்தால், அந்த வேலை உண்மையான வேலையாகிவிடுகிறது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி பணி நியமனக் கடிதம் கொடுப்பது கடமையும் ஆகியிருப்பதால், அதை முதல் நாளே செய்வதில் இழப்பு ஒன்றும் இல்லை.

தொழிற்பழகுநர்: சிறு நிறுவனத்துக்கு உள்ளதில் சிறந்த வழி

இவை எல்லாவற்றிலும் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால், தொழிற்பழகுநர் திட்டத்தைத்தான் பரிந்துரைப்பேன். 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் வரும் இந்த ஏற்பாட்டைப் பேச்சுவழக்கில் அப்ரண்டிஸ் என்கிறோம். 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, முப்பது பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள், ஒப்பந்தப் பணியாளர்களையும் சேர்த்த மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை தொழிற்பழகுநர்களை வைத்திருக்க வேண்டும். 32 பேர் உள்ள பட்டறையை எடுத்துக்கொண்டால், 2.5 விழுக்காடு என்பது முக்கால் ஆளுக்குச் சற்று மேல்; ஆகவே குறைந்தது ஒருவர். 15 விழுக்காடு 4.8, ஆகவே நான்கு பேர் வரை. நான்கு முதல் 29 பேர் வரை உள்ளவர்களுக்கு இது விருப்பம் மட்டுமே.

இதில் இரண்டு தனித்தனிக் கால்வாய்கள் இருக்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஐ.டி.ஐ. படித்தவர்கள், பள்ளிப் படிப்பை முடித்தவர்கள், குறுகியகாலத் திறன் பயிற்சி பெற்றவர்கள் ஆகியோருக்கு 2016-இல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம். இதற்கு அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா என்ற இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். உதவிக்கு மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தை அணுகலாம். டிப்ளமோவும் பட்டமும் முடித்தவர்களுக்குத் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம். இதற்குத் தென் மாநிலங்களுக்கான வாரியம் சென்னைத் தரமணியில் உள்ளது, இணையதளமும் வேறு.

உதவித்தொகைக் கணக்கு இப்படிப் போகிறது. 2019 விதிகளில் ஐ.டி.ஐ. சான்று பெற்றவருக்குக் குறைந்தபட்சம் மாதம் 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். இரண்டாம் ஆண்டில் பத்து விழுக்காடு கூட்ட வேண்டும். தொகை அவ்வப்போது திருத்தப்படக் கூடியது என்பதால், ஒப்பந்தம் பதியும் நாளில் இணையதளம் காட்டும் தொகையையே கணக்கில் கொள்ளுங்கள். முதல் திட்டத்தில் அரசு ஏற்பது உதவித்தொகையில் கால் பங்கு, அதிகபட்சம் 1,500 ரூபாய். 7,000-இல் கால் பங்கு 1,750 ஆனாலும் 1,500தான் கிடைக்கும். மீதி 5,500 உங்களுடையது. இரண்டாவது திட்டத்தில் விதிக்கப்பட்ட குறைந்தபட்சத் தொகையில் பாதியை அரசு ஏற்கிறது. ஆகவே டிப்ளமோக்காரருக்கு 4,000.

முதல் திட்டத்தில் அரசின் பங்கு 2023 முதல் நேரடியாகத் தொழிற்பழகுநரின் வங்கிக் கணக்குக்கே போகிறது. அவருடைய ஆதார் அந்தக் கணக்கோடு இணைக்கப்படாமல் இருந்தால் பணம் வராது. பையன் உங்களைத்தான் கேட்பான். எனவே சேரும் நாளன்றே வங்கிக்கு அனுப்பி ஆதார் இணைப்பைச் சரிபார்த்து வரச் சொல்லுங்கள்.

ஏழாயிரம் என்பது குறைந்தபட்சம். கோவையில் உதவியாளுக்கே அதைவிடக் கூடுதலாகக் கொடுக்கும்போது, குறைந்தபட்சத்தை மட்டும் கொடுத்தால் நல்ல பையன்கள் வர மாட்டார்கள். வருபவர்களும் எதிர்ப்பட்டறையில் ஆயிரம் ரூபாய் அதிகம் என்றால் போய்விடுவார்கள். ‘அரசுக் கணக்கு ஏழாயிரம்தானே’ என்று வாதிடுபவர்களிடம் நான் சொல்வது, நீங்கள் வாங்குவது குறைந்த விலைக் கூலி அல்ல, ஓராண்டுக்குப் பிறகு உங்கள் இயந்திரத்தைத் தெரிந்த ஒருவரை என்பதுதான். பத்தாயிரம் கொடுக்கும் நிறுவனங்களில் ஆண்டை முடிப்பவர்கள் அதிகம்.

சட்டத்தின் பார்வையில் தொழிற்பழகுநர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. ஆகவே வைப்புநிதியும் இ.எஸ்.ஐ.யும் அவருக்குப் பொருந்தா. ஆனால் வேலை செய்யும்போது அடிபட்டால் இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு உங்களுடையது, இ.எஸ்.ஐ. இல்லாததால் அது முழுவதும் உங்கள் தலையில்தான் விழும். தனியாக விபத்துக் காப்பீடு எடுக்காமல் எந்தப் பையனையும் பவர் பிரஸ்ஸுக்கு அருகே நிறுத்தாதீர்கள். அலுவலரின் அனுமதி இல்லாமல் அவரை ஓவர்டைம் பார்க்க வைப்பதும் கூடாது. இன்னொரு எச்சரிக்கை: இணையதளத்தில் ஒப்பந்தம் பதியாமல், ‘இவர் எங்கள் அப்ரண்டிஸ்’ என்று வாயால் சொல்லிவிட்டால் இந்த விலக்குகள் எதுவும் கிடைக்காது. ஆய்வாளர் வந்தால் அவரைச் சாதாரணப் பணியாளராகவே கணக்கிட்டு, பழைய மாதங்களுக்கும் சேர்த்து வைப்புநிதியைக் கேட்பார்.

பதிவு செய்யும்போது ‘நியமிக்கப்பட்ட தொழில்’, ‘விருப்பத் தொழில்’ என்ற இரண்டு வகை கேட்கப்படும். ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் போன்றவை முதல் வகை. பாடத்திட்டமும் அகில இந்தியத் தேர்வும் ஏற்கெனவே உள்ளன. உங்கள் வேலை அந்தப் பட்டியலில் அடங்காவிட்டால், உதாரணமாக நீங்கள் செய்வது பம்ப் உறுப்புகளைச் சோதிப்பது மட்டும் என்றால், விருப்பத் தொழிலாகத் தேர்ந்துகொள்ளலாம். முதன்முறை செய்பவர்களுக்கு முதல் வகையே எளிது. மாதந்தோறும் அரசு ஐ.டி.ஐ. வளாகங்களில் நடக்கும் பிரதமரின் தேசியத் தொழிற்பழகுநர் முகாமுக்குச் சான்றுக் கோப்போடு போனால், அலுவலர்களை அங்கேயே பார்த்துச் சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளலாம்.

ஐ.டி.ஐ. முதல்வரைப் போய்ப் பாருங்கள்

உங்களுக்கு மிக அருகில் உள்ள அரசு ஐ.டி.ஐ.யின் முதல்வரையோ பணியமர்த்தல் அலுவலரையோ நேரில் சென்று பார்ப்பது, எந்த இணையதளத்தையும்விட அதிகப் பயன் தரும். இறுதித் தேர்வு ஆடி மாத வாக்கில் நடக்கும். அதற்குப் பிறகு போனால் நல்ல மாணவர்களைப் பெரிய நிறுவனங்கள் அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். பொங்கல் முடிந்து மாசிக்குள் ஒரு முறை போய், மாணவர்களை ஒரு நாள் உங்கள் பட்டறைக்கு அழைத்து வந்து இயந்திரங்களைக் காட்டுங்கள். அன்று மதியம் அவர்களுக்கு நல்ல சாப்பாடு போடுங்கள். இது செலவு அல்ல.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.கள் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் நான்காம் தலைமுறைத் தொழில்நுட்ப மையங்களாகத் தரம் உயர்த்தப்பட்டிருக்கின்றன. அங்கே ரோபோவும் நவீன சி.என்.சி. இயந்திரமும் பார்த்துப் பழகிய மாணவர், உங்கள் பட்டறையின் இருபது வயதுப் பழைய லேத்தைப் பார்த்து முகம் சுளித்தால் அவரைக் கோபித்துக்கொள்ளக் கூடாது. எந்த இயந்திரத்தில் எப்போது அவரை ஏற்றுவீர்கள் என்பதை முன்பே சொல்லிவிடுவதே அதற்கு மருந்து.

2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டத்தை மாணவர்களுக்கானது என்று மட்டும் நினைக்கிறோம். அதை நடத்தும் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம், பயிற்சி முடித்தவர்களுக்காக வேலைவாய்ப்பு முகாம்களை நடத்துகிறது. அவற்றில் நிறுவனமாகப் பங்கேற்கலாம். ஊரக இளைஞர்கள் வேண்டுமென்றால், மகளிர் திட்ட அலுவலகம் வட்டார அளவில் நடத்தும் இளைஞர் திறன் திருவிழாக்களைக் கவனியுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடி இளைஞர்களுக்கு இலவசத் திறன் பயிற்சி அளிக்கும் தாட்கோவும், பயிற்சி முடிந்ததும் அவர்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனங்களைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறது. இந்த மூன்றுக்கும் தனித்தனியாக அலைய வேண்டாம். மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் உங்கள் தேவையை எழுதிக் கொடுத்தால் எந்த முகாம் எப்போது என்பதைச் சொல்லிவிடுவார்கள்.

சேர்த்த பிறகு கிடைக்கும் பணம்

பணியில் சேர்த்ததற்காகவே அரசு உங்களுக்குப் பணம் தரும் திட்டம் ஒன்று இப்போது நடப்பில் உள்ளது. பிரதமரின் வளர்ந்த பாரத வேலைவாய்ப்புத் திட்டம் என்ற அது, 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை உருவாக்கப்படும் வேலைகளுக்குப் பொருந்தும். ஐம்பது பேருக்குக் குறைவாக உள்ள நிறுவனம் கூடுதலாக இரண்டு பேரையாவது, ஐம்பதும் அதற்கு மேலும் உள்ள நிறுவனம் ஐந்து பேரையாவது சேர்க்க வேண்டும். சேர்ந்தவர்கள் ஆறு மாதமாவது நிலைக்க வேண்டும். வைப்புநிதி கணக்கிடப்படும் சம்பளம் 10,000 வரை என்றால் ஆளுக்கு மாதம் 1,000 வரை, 20,000 வரை என்றால் 2,000, அதற்கு மேல் ஒரு லட்சம் வரை என்றால் 3,000 ரூபாய் நிறுவனத்துக்குக் கிடைக்கும். இது இரண்டு ஆண்டுகளுக்கு. உற்பத்தித் துறை என்றால் நான்கு ஆண்டுகள்.

மேலே எழுதிக் காட்டிய அந்த இரண்டு பேருக்கே கணக்குப் போடுவோம். மொத்தச் சம்பளம் 16,000, வைப்புநிதிக்கான சம்பளம் 14,000. நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த 13 விழுக்காடாக நீங்கள் கட்டும் வைப்புநிதி 1,820; இ.எஸ்.ஐ. 3.25 விழுக்காடாக 520. ஆக ஆளுக்கு மாதம் 2,340 ரூபாய். ஊக்கத்தொகையாக வருவது 2,000. பதிவேட்டில் ஏற்றினால் கட்டுப்படியாகாது என்ற வாதம், நான்கு ஆண்டுகள் வரை, மாதம் 340 ரூபாய்க்குச் சுருங்கிவிடுகிறது. பணம் பான் எண்ணோடு இணைந்த நிறுவனக் கணக்குக்கு வரும். மாதாந்தர வைப்புநிதிப் படிவத்தைத் தவறாமல் தாக்கல் செய்திருக்க வேண்டும்.

முதன்முறை வேலைக்கு வரும் தொழிலாளிக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் 15,000 ரூபாய், இரண்டு தவணைகளில் கிடைக்கிறது: ஆறு மாதம் முடிந்ததும் ஒன்று, ஓராண்டும் நிதிக் கல்விப் பாடமும் முடிந்ததும் மற்றொன்று. இதை முகாமிலேயே சொல்லுங்கள். தீபாவளி போனஸை வாங்கிக்கொண்டு மறுநாள் காணாமல் போகும் பழக்கத்துக்கு இது ஓரளவு தடை போடும். அவருடைய வைப்புநிதி எண்ணை மத்திய அரசின் உமங் செயலியில் முகம் காட்டிச் சரிபார்த்து உருவாக்க வேண்டும் என்பதால், பழைய கைபேசியோடு வருபவர்களுக்கு அலுவலகக் கைபேசியில் செய்து கொடுங்கள்.

மாநில அரசின் பக்கத்தில், 2021-ஆம் ஆண்டுக் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் கொள்கையின் கீழ், இருபது பேருக்கு மேல் வேலை கொடுக்கும் புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு, முதலாளி கட்டும் வைப்புநிதியை மூன்று ஆண்டுகளுக்கு ஓர் உச்சவரம்போடு திருப்பித் தரும் ஊதியப் பட்டியல் மானியம் இருக்கிறது. தொழில் தொடங்கியவுடனேயே மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். ஆண்டுகள் ஓடிய பிறகு கேட்டுப் பயனில்லை.

வெளியூரிலிருந்து வருபவர்கள்

வெளியூர்ப் பெண்களை வேலைக்கு எடுப்பதில் முதல் தடை தங்குமிடம். வேலைக்குப் போகும் பெண்களுக்கான தமிழ்நாடு அரசின் தோழி விடுதிகள் இயங்கும் ஊர்களில், அங்கே இடம் இருக்கிறதா என்று நீங்களே விசாரித்து வைத்துக்கொண்டு நேர்காணலில் சொல்வது நல்லது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் கட்டியிருப்பது பெருநிறுவனக் கதை. அந்த அளவுக்கு நாம் போக வேண்டியதில்லை, நான்கு பெண்களுக்குப் பூட்டும் கழிப்பறையும் உள்ள ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தாலே வேலை நடக்கும். ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களை வைத்திருப்பவர்கள், தொழிலாளர் துறையின் இணையதளத்தில் அவர்களுடைய விவரங்களைப் பதிந்துவிட வேண்டும்.

தரகரும் கோப்பும்

இந்தத் திட்டங்களில் பதிவு செய்ய அரசு எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை. ‘ஊக்கத்தொகையை வாங்கித் தருகிறேன், அதில் இத்தனை சதவீதம்’ என்று வருபவர்கள் பெரும்பாலும் உங்கள் கடவுச்சொல்லையும் டிஜிட்டல் கையொப்பத்தையும் கேட்பார்கள். வேலை செய்யாத பெயர்களை உங்கள் வைப்புநிதிக் கணக்கில் ஏற்றிவிட்டால், பிறகு பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். கணக்கரிடம் கொடுத்துச் செய்தாலும், ஒருமுறைக் கடவு எண் வரும் கைபேசி உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

ஒவ்வொரு புதிய ஆளுக்கும் ஒரு தனிக் கோப்பு போடுங்கள்: நியமனக் கடிதத்தின் நகல் அல்லது தொழிற்பழகுநர் ஒப்பந்தம், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கல்விச் சான்று, வருகைப் பதிவு, வங்கி வழியாகச் சம்பளம் போனதற்கான சான்று. ரொக்கமாகக் கொடுத்த சம்பளத்தைக் காட்டி ஊக்கத்தொகை கேட்டுத் திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தொழிற்பழகுநரின் கோப்பில் மட்டும் கூடுதலாக ஒரு தேதியைச் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்: ஒப்பந்தம் முடிவதற்கு இரண்டு மாதம் முந்தைய நாள். அவரை நிரந்தரமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை; அதேபோல் அவரும் உங்களிடமே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எடுக்கப்போகிறீர்கள் என்றால் அந்தத் தேதியில் அழைத்து, சம்பளத்தைச் சொல்லி, கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். தேர்வு முடிந்த மறுநாள் கொடுக்கலாம் என்று இருந்த பட்டறைக்காரர் ஒருவர், பையன் ஏற்கெனவே திருப்பூரில் சேர்ந்துவிட்டான் என்பதை அவனுடைய அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.